முதுகைக் காட்டி வரைந்த ஜெட்டி

1. சமோசா

முதல் நாள் வேலையில் நான் வரைந்ததிலேயே பெரிய படம் ஒரு சமோசா.

கூட்டம் குப்பையைப் பற்றியது. போர்ட் பிளேயரில் சேரும் பிளாஸ்டிக்கை என்ன செய்வது என்று பேசினார்கள். "காதுல விழுறதை எல்லாம் வரைங்க பையா" என்று என்னை வேலைக்கு எடுத்த தீபா மேடம் சொல்லியிருந்தார். அவர் சொல்லும் 'பையா' இந்தி, அண்ணன் என்று அர்த்தம். என் காதில் அதிகம் விழுந்தது பின்வரிசைதான். அங்கே உட்கார்ந்திருந்த இரண்டு பேர், சமோசா எப்போது வரும், போன கூட்டத்தில் வந்தது ஏன் ஆறிப்போயிருந்தது, இந்த முறை சட்னி உண்டா என்று விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் நியாயமாக, பேச்சு எவ்வளவோ அவ்வளவு பெரிதாகப் படம் போட்டேன். கூட்டம் முடிந்து எல்லோரும் சார்ட்டைப் பார்த்தபோது நடுவில் மஞ்சள் மார்க்கரில் ஒரு சமோசா. அதன் நிழலில் பாவமாக ஒரு குப்பைத் தொட்டி.

தீபா மேடம் மஞ்சள் மார்க்கரை என் கையிலிருந்து பிடுங்கினார். அந்தக் கூட்டத்தின் பெரிய அதிகாரி எழுந்து வந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"மீட்டிங் மினிட்ஸ்ல இது வராது. ஆனா நடந்தது இதுதான்" என்றார்.

அந்த ஒரு வரியில் என் வேலை பிழைத்தது.

என் பெயர் சேகர். வீடு போர்ட் பிளேயரின் ஷாதிபூரில். எட்டாம் வகுப்பை நான் எட்டிப் பார்த்தேன், அது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எழுத்துக் கூட்டி வாசிப்பேன். கடையின் போர்டை வாசித்து முடிப்பதற்குள் கடையை மூடிவிடுவார்கள். இதைக்கூட போனில் பேசித்தான் எழுத்தாக்கினேன். பிழை திருத்தியது தீபா மேடம். ஜோக்கைத் திருத்த மட்டும் அவருக்கு அனுமதி இல்லை.

இதற்கு முன்னால் கல்யாண மண்டபங்களில் தெர்மாகோல் வெட்டி ஒட்டும் வேலை. மீந்த தெர்மாகோலில் பந்தியில் சாப்பிடுகிறவர்களை வரைந்துகொண்டிருப்பேன். ஒரு கல்யாணத்தில் அப்படி ஒரு துண்டை எடுத்துப் பார்த்தவர்தான் தீபா மேடம். கூட்டங்களை நடத்திக் கொடுப்பது அவர் தொழில். மலையாளக் குடும்பம், பிறந்தது இங்கேதான். தீவில் பேசுகிற எல்லா பாஷையிலும் சரளமாகத் திட்டுவார்.

2. முதுகுதான் முகம்

இந்த வேலையை மேடம் 'லைவ் விஷுவல் நோட்ஸ்' என்பார். என் மனைவி 'கூட்டத்துல போய் கிறுக்குறது' என்பாள். இரண்டும் சரிதான்.

ஹாலின் ஓரத்தில் ஃபோம் போர்டு நிற்கும். அதன்மேல் ஆள் உயரத்துக்கு வெள்ளை சார்ட். அவர்கள் பேசப் பேச நான் வரைய வேண்டும். பேச்சு முடியும்போது படமும் முடிந்திருக்க வேண்டும். யார் என்ன கேட்டார், எதில் சண்டை, எதில் சம்மதம் என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். பேசுகிற வார்த்தையை ஒரு முட்டை போட்டு அதற்குள் எழுதுவோம். என்ன எழுத வேண்டும் என்று மேடம் சின்ன ஒட்டுச்சீட்டில் எழுதித் தருவார். நான் எழுத்தை வாசிக்க மாட்டேன், அதையும் ஒரு படமாகப் பார்த்து அப்படியே வரைந்துவிடுவேன். என் கையெழுத்து அழகு என்று பாராட்டியவர்கள் உண்டு. அது மேடத்தின் கையெழுத்து.

அழிப்பது என்பது கிடையாது. மார்க்கர் மை விழுந்தால் விழுந்ததுதான். தப்பு வந்தால் வெள்ளைத்தாளை வெட்டி மேலே ஒட்டிவிடுவோம். அதற்குப் பெயர் பேண்டேஜ்.

இன்னொன்று, கூட்டத்துக்கு நம்முடைய முதுகுதான் தெரியும். ஆரம்பத்தில் எல்லோரும் எழுந்து பெயர் சொல்லும்போது ஒரு தடவை திரும்பி, ஒவ்வொரு முகத்தையும் மனதில் பிடித்துக்கொள்வேன். பிறகு போர்டு பக்கம் திரும்பினால் சாப்பாடு வரை முதுகுதான். காது மட்டும் பின்னால் தொங்கும். ஒருநாள் மீன் மார்க்கெட்டில் பின்னால் கேட்ட ஒரு குரலுக்கு, திரும்பாமலே "சார், தண்ணி டேங்கர் விஷயம் என்னாச்சு?" என்று கேட்டேன். அவர் மீனை வாங்காமல் போய்விட்டார்.

அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது. "எனக்கு முதுகுலயும் கண்ணு இருக்கு மேடம்" என்று சொல்லிக்கொள்வேன்.

"அப்போ சட்டையைக் கழட்டிட்டு வரைங்க" என்பார் மேடம்.

3. இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

எங்கள் ஊரில் மின்னி பே என்கிற பகுதியில் ஒரு ஹால். வண்டூர் பக்கம் ஒரு ஓடை கடலில் சேரும் இடத்தில் சின்ன ஜெட்டி கட்ட வேண்டும் என்று பேச்சு. ஜெட்டி என்றால் மெயின்லேண்டில் சிரிப்பார்கள். எங்களுக்கு அது படகு அணைகிற மேடை. டூரிஸ்ட்டுகளை ஏற்றிக்கொண்டு போகும் படகுகளுக்காக அது.

சிக்கல் என்னவென்றால், அதே ஓடை வாயில்தான் மீன் பிடிக்கிற குடும்பங்கள் தங்கள் டுங்கிகளைக் கரையேற்றுகிறார்கள். டுங்கி என்றால் மோட்டார் வைத்த சின்னப் படகு. ஓடைக்கு இரண்டு கரை, ஒன்று மணல், மற்றது கல். டுங்கியை இழுத்து ஏற்ற முடிவது மணல் கரையில் மட்டும்தான். ஜெட்டி எந்தக் கரையில் வரும் என்பதுதான் அன்றைய கேள்வி.

கூட்டத்தின் தலைமை ஒரு பெரிய சார். மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்தவர். நல்ல மனிதர், நல்ல தொப்பை. டூரிஸ்ட் படகுக்காரர்களுக்காக வந்தவர் பிஸ்வாஸ் தாதா. பெங்காலி, அவர்கள் பாஷையில் தாதா என்றால் அண்ணன். எப்போதும் வெற்றிலை மென்றுகொண்டிருப்பார். மீன்பிடிக் குடும்பங்களுக்காகப் பேச வந்தவர் முத்துலட்சுமி அக்கா. சொந்தமாக டுங்கி வைத்திருக்கிறார். அவருடைய தாத்தா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து வந்த குடும்பம். கூட்டத்தில் எல்லோரும் இந்தியில்தான் பேசினார்கள். நான் தமிழில் சொல்கிறேன். அங்கங்கே ஒட்டிக்கொண்டு வரும் இந்தியைக் கழற்ற முடியவில்லை.

அக்கா எழுந்தார். குரலை நான் முதுகால் கேட்டேன்.

"ஏத்துற கரை போச்சுன்னா எங்களுக்குக் கடலே போச்சு சார். டுங்கியைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டா நிக்க முடியும்?"

நான் உடனே தலையில் டுங்கி வைத்த ஒரு பெண்ணை வரைந்தேன். பின்னால் சிரிப்புச் சத்தம். எனக்கு உச்சி குளிர்ந்தது.

"ஜெட்டியே வேண்டாம்னு சொல்லலை. தேக்கோ சாப், பாருங்க, இது இங்க இருக்கு. எங்க டுங்கி இந்தப் பக்கம். ஜெட்டியை அந்தப் பக்கம் கட்டுங்க, அங்க தண்ணி ஆழம். உங்க படகும் தட்டாது, எங்க பொழப்பும் தட்டாது."

"அச்சா, அச்சா" என்றார் பெரிய சார். பிஸ்வாஸ் தாதாவும் "டீக் ஹை" என்று சம்மதித்தார். நாற்காலிகள் நகர்ந்தன, எல்லோரும் எழுந்து வந்து எதையோ பார்ப்பது காதில் விழுந்தது. பிறகு கைதட்டல்.

எதைப் பார்த்தார்கள் என்று திரும்பி ஒரு பார்வை பார்த்திருக்கலாம். எனக்குத்தான் முதுகில் கண் இருக்கிறதே.

இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று அக்கா சொன்னார். சார்ட்டில் நான் ஓடையை நடுவில் ஏற்கனவே வரைந்திருந்தேன். இடது பக்கத்தில் பெரிய சாரை உட்காரவைத்திருந்தேன். அவரைப் பொருத்தமாக வரைந்ததில் பாதி இடம் போய்விட்டது. மீந்த இடத்தில் இரண்டு டுங்கி கொள்ளும். வலது பக்கம் மைதானம் மாதிரி காலி. ஜெட்டி நீளமான சாமான். நீளத்துக்கு இடம் வேண்டும். வலது பக்கம் ஜெட்டி, இடது பக்கம் டுங்கிகள். படம் தராசு போல அமைந்தது. மேலே கடலும் ஒரு சூரியனும், கீழே கைகுலுக்கும் இரண்டு கைகள், முட்டைக்குள் 'சம்மதம்'.

மேடம் வந்து பார்த்து, "பையா, இதுதான் உங்க பெஸ்ட்" என்று என் தோளில் தட்டினார்.

4. எல்லோரும் தங்களைத் தேடினார்கள்

சாப்பாட்டுக்கு மணி அடித்ததும் கூட்டம் சார்ட் முன்னால் வந்து நின்றது. இந்தத் தொழிலில் நான் பார்த்த ஒரு விஷயம்: சார்ட் முன்னால் வருகிறவர்கள் முதலில் தங்களைத் தேடுவார்கள். கிடைத்துவிட்டால் வேறு எதையும் பார்க்க மாட்டார்கள்.

"என் பேட் இவ்வளவு பெரிசா இருக்கு?" என்று பெரிய சார் தொப்பையைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"மார்க்கர் கொஞ்சம் தடிச்ச மார்க்கர் சார்" என்றேன்.

முத்துலட்சுமி அக்கா தலையில் டுங்கியோடு நிற்கும் தன்னைக் கிட்டப் போய்ப் பார்த்தார். "மூக்குத்தி எல்லாம் போட்டு விட்டிருக்கியே தம்பி" என்று சிரித்தார். மூக்கில் கையை வைத்து ஏதோ சொல்ல வந்தவர், வேண்டாம் என்று கையை இறக்கிக்கொண்டார்.

பிஸ்வாஸ் தாதா மட்டும் தன் முகத்தைத் தேடவில்லை. படத்தின் வலது பக்கத்தையே வெகுநேரம் பார்த்தார். வெற்றிலை மெல்லுவது நின்றது. பிறகு மறுபடி மென்றார்.

"எப்படி தாதா?"

"பஹுத் சுந்தர், ரொம்ப அழகு" என்றார். அவ்வளவு அழகாக அவர் யாரைப் பார்த்தும் சிரித்து நான் பார்த்ததில்லை.

எல்லோரும் சார்ட் முன்னால் நின்று போட்டோ எடுத்தார்கள். யாரோ அதை வண்டூர் ஆட்களின் போன் குரூப்பில் போட்டார்கள். சாப்பிட்டு வந்ததும் ஒவ்வொருவராகச் சார்ட்டின் அடியில் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம். கையெழுத்து விழுந்துவிட்டால் அந்தப் படம் ஃபைலுக்குப் போகும். அதற்குப் பிறகு அது படம் இல்லை, முடிவு.

நான் கோழிக் குழம்பில் கைவைத்திருந்தேன். அக்காவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவர் சோற்றைப் பிசைந்தார்.

"அண்ணி, எவ்வளவு வாங்குன?"

அவருடைய கொழுந்தன் செல்வம். ஹாலே திரும்பிப் பார்த்தது.

"என்னடா சொல்ற?"

"படம் வந்துருக்கு அண்ணி. மணல் கரையில ஜெட்டி போட்டிருக்கு. நம்ம டுங்கி எல்லாம் கல்லு மேல நிக்குது. நீ நடுவுல பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குற. ஊரே பாத்துருச்சு. நீ இங்க வராத. அங்கேயே ஷாதிபூர்ல எங்கயாவது வீடு பாத்துக்க."

செல்வம் போனை வைத்துவிட்டார். அக்காவின் கை சோற்றிலேயே நின்றது. எழுந்து, கை கழுவாமல், நேராகச் சார்ட் முன்னால் போய் நின்றார். இந்த முறை தன்னைத் தேடவில்லை.

என் தொண்டையில் கோழி எலும்பு நின்றது. நிஜமான எலும்பு. மேடம் முதுகில் அடித்துத்தான் வெளியே வந்தது. அந்த முதுகுக் கண்ணும் அப்போது வெளியே வந்திருக்க வேண்டும்.

5. "படத்துல இருக்கே"

"தம்பி, நான் எந்தப் பக்கம் சொன்னேன்?" என்று அக்கா கேட்டார். குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

"இந்தப் பக்கம் டுங்கி, அந்தப் பக்கம் ஜெட்டின்னு சொன்னீங்க அக்கா."

"எந்த இந்தப் பக்கம்? டேபிள்ல வச்சுக் காட்டினேனே. தண்ணி பாட்டிலை வச்சு, இது கல்லு. டம்ளரை வச்சு, இது டுங்கி. எல்லாரும் எந்திரிச்சு வந்து பாத்தாங்களே."

நான் மேஜையைப் பார்த்தேன். கேட்டரிங் ஆட்கள் துடைத்துப் புதுத்துணி விரித்திருந்தார்கள். பாட்டில் இல்லை. டம்ளர் கழுவப் போய்விட்டது. மொத்தக் கூட்டமும் பார்த்ததை நான் மட்டும் பார்க்கவில்லை. மொத்தக் கூட்டத்தின் பார்வையையும் வரைந்து வைத்தது நான்.

அப்போதும் எனக்கு ஒரு தைரியம் இருந்தது. பார்த்தவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்களே, யாராவது சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தேன். பெரிய சார் வந்தார். அக்கா விஷயத்தைச் சொன்னார்.

அவர் சார்ட்டைப் பார்த்துவிட்டு, "ஆனா படத்துல இப்படித்தானே இருக்கு?" என்றார்.

அவருடைய உதவியாளர், "ஹான், ஜெட்டி வலது பக்கம்தான். அப்படித்தான் பேசினோம்" என்றார்.

இன்னொருவர், "நான் பார்த்தேனே, பாட்டில் வலது பக்கம்தான் இருந்துச்சு" என்றார். அவர் விரலும் படத்தைத்தான் காட்டியது.

அந்த நேரத்தில் எனக்கு வந்த அதிர்ச்சியைப் போல அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. காலையில் கண்ணால் பார்த்தவர்கள் அத்தனை பேரும், பார்க்காமல் நான் வரைந்ததை நம்பினார்கள். பொய் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பினார்கள். நான் தீபா மேடத்தைப் பார்த்தேன். அவருக்கும் குழப்பம்.

"மேடம், நீங்க பாத்தீங்கல்ல?"

"பார்த்தேன் பையா. ஆனா இப்போ கண்ணை மூடினா உங்க படம்தான் வருது."

பெரிய சார் மெதுவாகச் சொன்னார். "எனக்கும் அதேதான். பாட்டில் ஞாபகம் இருக்கு. எந்தப் பக்கம்னு யோசிச்சா, இந்தப் படம் வந்து முன்னாடி நிக்குது."

அக்கா அவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "அப்போ நான் பேசினது யாருக்கும் ஞாபகம் இல்லை. இவன் கிறுக்கினதுதான் ஞாபகம் இருக்கு" என்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். "எங்க ஊர்ல இனி நான் வாயைத் திறக்க முடியாது சார். கரையும் போச்சு, பேரும் போச்சு."

மேடம் என்னைப் பார்த்துக் கண்ணால் ஏதோ சொன்னார். சும்மா இருங்கள் என்று சொன்னாரா, பேசுங்கள் என்று சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. கேட்டால் இரண்டும்தான் என்கிறார். பெரிய சாருடைய துறையின் கூட்டங்கள்தான் அவருக்குப் பாதி வேலை. படம் போடுகிறவன் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறான் என்று தெரிந்தால் அதுவும் போகும்.

நான் வாயைத் திறந்தேன்.

"சார், ஜெட்டி அங்க இருக்குறதுக்குக் காரணம், சார்ட்ல அங்க இடம் இருந்துச்சு."

"க்யா?"

"காலியா இருந்துச்சு சார். ஜெட்டி நீளம். அதனால அங்க போட்டேன். அக்கா டேபிள்ல வச்சதை நான் பாக்கலை. எனக்கு முதுகு இந்தப் பக்கம் இருந்துச்சு."

"இடது பக்கம் ஏன் போடலை?"

"அங்க உங்க தொப்பை இருந்துச்சு சார்."

மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பெரிய சார் சார்ட்டில் இருந்த தன் தொப்பையைப் பார்த்தார். பிறகு குனிந்து அசலைப் பார்த்தார். மறுபடி சார்ட்டைப் பார்த்தார்.

"அதாவது," என்றார், "என் தொப்பைதான் ஜெட்டியை அந்தக் கரைக்குத் தள்ளிடுச்சு."

"ஆமா சார்."

"நான் அதுல கையெழுத்தும் போட இருந்தேன்."

"ஆமா சார்."

அவர் சிரிக்கவில்லை. நான் பயந்துபோனது அதற்குத்தான். "பாட்டில் கொண்டு வாங்க" என்றார்.

6. கல்லை நகர்த்த முடியாது

பாட்டில் வந்தது, டம்ளர் வந்தது. மேஜைத் துணியைச் சுருட்டினார்கள். அக்கா எழுந்து பாட்டிலை எடுக்கப் போனார். கையை நீட்டியவர், நிறுத்திக்கொண்டார்.

"நான் வச்சா என் இஷ்டத்துக்கு வச்சேன்னு சொல்வீங்க. பிஸ்வாஸ் தாதா, நீ வை."

தாதா அதுவரை கதவுப் பக்கம் நின்றிருந்தார். "நான் எதுக்கு தீதி? நான் டூரிஸ்ட் படகு ஆளு."

"நீயும் அந்த ஓடையிலதான் படகை விடுற. கல்லு எங்க இருக்குன்னு உனக்குத் தெரியும். உன் படகு அடியில இருக்குற கீறலுக்கும் தெரியும். வை."

அவர் வந்தார். வெற்றிலையைக் கன்னத்தின் ஓரத்துக்குத் தள்ளினார். நீல ஸ்கார்ஃப் ஒன்றை ஓடையாக அக்கா விரித்துவைத்திருந்தார். தாதா பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மணல் கரையில் ஜெட்டி வந்தால் அவருக்கு லாபம்தான். செருப்பு நனையாமல் டூரிஸ்ட்டுகள் ஏறலாம், இறங்கலாம். படத்தைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு எனக்கு அப்போதுதான் புரிந்தது. எல்லோருக்கும் புரிந்தது என்று நினைக்கிறேன்.

அவர் பாட்டிலை வலது பக்கம் வைத்தார். கொஞ்சம் நகர்த்தி, சரியான இடத்தில் அழுத்தி வைத்தார்.

"கல்லு இங்க" என்றார். "ஆழம் இங்க. ஜெட்டி வந்தா இங்கதான் வரணும். டுங்கி அந்தப் பக்கம்."

அதாவது என் படத்திலும் ஜெட்டி வலது பக்கம். பாட்டிலும் வலது பக்கம். உதவியாளர் உடனே, "அப்போ படம் சரிதானே?" என்றார்.

தாதா அவரைத் தோளில் பிடித்து மேஜையின் எதிர்ப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"ஸ்கார்ஃப்ல கடல் எந்தப் பக்கம் சார்? எங்க பக்கம். நாங்க கடல்ல நின்னு கரையைப் பாக்குறோம். இவர் படத்துல கடல் மேல, சூரியன் பக்கத்துல இருக்கு. இவர் கரையில நின்னு கடலைப் பாக்குறார். அங்க நின்னு பாருங்க, பாட்டில் எந்தப் பக்கம்?"

உதவியாளர் பார்த்தார். "இடது பக்கம்" என்றார்.

"படத்துல இடது பக்கம் யாரு?"

"டுங்கி."

"கல்லு மேல டுங்கி. செல்வம் சொன்னது சரி" என்றார் தாதா.

அக்கா அவரைப் பார்த்தார். "சாப்பாட்டுக்கு முன்னாடியே படத்தைப் பாத்தியே தாதா, அப்போ ஏன் சொல்லலை?"

"படம் நல்லா இருந்துச்சு தீதி. நல்லா இருக்குறதை ஏன் கெடுக்கணும்னு விட்டேன்." பிறகு பாட்டிலைக் காட்டிச் சொன்னார். "படத்தைப் பாத்துட்டு சும்மா இருக்க முடிஞ்சுது. பாட்டிலைக் கையில குடுத்துட்டா முடியலை. நாளைக்கு அந்தக் கல்லு மேலதான நானும் படகை ஓட்டணும்."

நான் வெள்ளைத்தாளையும் கத்தரியையும் எடுத்தேன். பேண்டேஜ் போட்டு மூடிவிட்டு மேலே புதிதாக வரைந்துவிடலாம் என்று எண்ணம். அக்கா தாளைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஒட்டாத. மூடினா நான் எதையோ மறைச்ச மாதிரி ஆயிடும். தப்பை ஊரே பாத்துருச்சு. அதை அடி. அடிச்சது தெரியுற மாதிரி அடி. பக்கத்துல சரியா வரை. அடிச்சதையும் பாக்கட்டும், வரைஞ்சதையும் பாக்கட்டும்."

சார்ட்டைப் போர்டிலிருந்து கழற்றி மேஜையில் விரித்தோம். எல்லோரும் சுற்றி நின்றார்கள். நான் சிவப்பு மார்க்கரில் என் வாழ்க்கையின் பெஸ்ட் படத்தின்மேல் ஒரு பெருக்கல் குறி போட்டேன். பிறகு கடல் கீழே இருக்கிற மாதிரி ஓடையை வரைந்தேன். கல்லை முதலில் போட்டேன். ஒவ்வொரு கோட்டுக்கும் தலையைத் தூக்கி முகங்களைப் பார்த்தேன். தாதா "இன்னும் கொஞ்சம் கீழ" என்றார். அக்கா "ஆங், அவ்வளவுதான்" என்றார். இடம் போதவில்லை. பெரிய சாரின் தொப்பைமேல் மணலைக் கொட்டினேன்.

"நல்லது. கொஞ்சம் குறையட்டும்" என்றார் சார். அப்போதுதான் சிரித்தார். அவர்தான் முதல் கையெழுத்துப் போட்டார், பெருக்கல் குறிக்குப் பக்கத்திலேயே.

போட்டோ எடுத்து அதே குரூப்பில் போட்டார்கள். அக்கா போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செல்வத்தின் போன் வந்தது. இந்த முறை ஸ்பீக்கரில் போடவில்லை. காதில் வைத்துக் கேட்டார். "ம்" என்றார். "ம்" என்றார். பிறகு, "எனக்கு ஷாதிபூர்ல வீடு பாத்துட்டியா, இல்லையா?" என்று கேட்டார். அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, போனை வைத்துவிட்டு ஆறிப்போன சோற்றைத் தேடிப் போனார்.

7. மூக்குத்தி

அதற்குப் பிறகு மேடம் என்னை வேலையை விட்டுத் தூக்கவில்லை. போர்டைத்தான் தூக்கினார். இப்போதெல்லாம் போர்டு ஹாலின் பக்கவாட்டில் நிற்கிறது. கழுத்தைத் திருப்பினால் பேசுகிறவர் கை தெரியும். எனக்குக் கழுத்துவலி வந்துவிட்டது, பரவாயில்லை. இடம் சம்பந்தப்பட்ட பேச்சு வந்தால் மார்க்கரை மூடிவைத்துவிட்டு, "நகராத சாமான் என்ன இருக்கு அங்க?" என்று கேட்டுவிடுவேன். கல், கிணறு, மரம், கோயில், ஏதாவது ஒன்று. அதை முதலில் வரைந்த பிறகுதான் மற்றது. கையெழுத்துக்கு முன்னால் மேடம் எல்லோரிடமும், "உங்களைத் தேடாதீங்க, உங்க பக்கத்துல இருக்குறவர் சொன்னதைத் தேடுங்க" என்று சொல்கிறார். புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, படம் நன்றாக அமைந்துவிட்டது என்று தோன்றினால் அங்கேதான் நின்று பாருங்கள். நடந்த விஷயம் அவ்வளவு அழகாக அமைவதில்லை.

ஜெட்டி இன்னும் வரவில்லை. வந்தால் கல் பக்கம்தான் வரும். அந்த சார்ட்டின் நகலை, வண்டூரில் வலை பின்னுகிற ஷெட்டில் மாட்டியிருக்கிறார்கள். போன மாதம் குடும்பத்தோடு கடலில் குளிக்கப் போனபோது பார்த்தேன். அக்கா டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டு பேரும் அதன் முன்னால் நின்றோம்.

"எல்லாத்தையும் அன்னைக்குச் சரி பண்ணிட்ட தம்பி. ஒண்ணை விட்டுட்ட."

"என்ன அக்கா?"

அவர் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். மூக்குத்தி அவருடைய வலது பக்கம். படத்தில் இருக்கிற அக்காவுக்கு நான் போட்டிருந்தது அவருடைய இடது பக்கம்.

"அன்னைக்கே பாத்தேன்" என்றார். "சொல்ல வாயெடுத்தேன். அழகா வரைஞ்சிருக்கான், ஒரு மூக்குத்திக்காக எதுக்கு அவன் மனசை நோகடிக்கணும்னு விட்டுட்டேன். அதை அப்பவே சொல்லியிருந்தா, மிச்சத்தையும் பாத்திருப்போம்ல."

பாக்கெட்டில் கைவிட்டேன். மார்க்கர் இருந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம். அது அங்கேயே இருக்கட்டும்" என்றார். "நீயும் பாரு, நானும் பாக்குறேன்."